அச்சிட்ட விலை

ராசிபுரம் பக்கம் ஆட்டம் என்றால் கபடிதான். மாரியம்மன் பண்டிகை முடிந்த கையோடு டியூப்லைட் கட்டி, மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து, விடிய விடிய நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. கால்பந்து எங்களுக்கு ஜவ்வரிசி ஆலைக் களத்தில்தான் அறிமுகமானது. குச்சிக்கிழங்கு அரவை இல்லாத மாதங்களில், காயப்போடும் சிமெண்ட் களம் காலியாகக் கிடக்கும். இந்தப் பக்கம் இரண்டு செங்கல், அந்தப் பக்கம் இரண்டு செங்கல் வைத்தால் கோல் ஆயிற்று. விழுந்தால் முழங்கால் தோல் தரையோடு போய்விடும். ஆனாலும் ஆடினோம். பெரிய ஆட்டம் ஒன்றை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கேலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை அந்தச் சிமெண்ட் தரையில்தான் எனக்குப் பிடித்தது.

அந்த ஆசையை வளர்த்தவர் ஒரு டீக்கடைக்காரர். 1990-ல் சேலம் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் கடை. ஊரே ‘நாயர் கடை’ என்று சொல்லும். நாங்கள் மாணவர்கள் மட்டும் அவரைச் சேட்டன் என்று கூப்பிடுவோம். எர்ணாகுளத்துக்காரர். பால் கொதிக்கிற நேரத்தில்கூட ரேடியோவுக்கு ஒரு காது கொடுத்திருப்பார். அவரிடம் சொல்வதற்கு ஒரு கதைதான் இருந்தது, ஆனால் அது வற்றாத கதை. 1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று கேரளம் வென்றது. மூன்று கோலையும் கேப்டன் மணி ஒருவரே போட்டார். கேரளத்துக்கு அது முதல் சந்தோஷ் டிராபி. சேட்டன் அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒவ்வொரு கோலுக்கும் தாம் எந்த இடத்தில் நின்றோம், பக்கத்தில் நின்றவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை சொல்வார். அதற்குப் பிறகு வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாவது கோப்பை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் கேரளம் தோற்ற செய்தி வரும் நாளில் சேட்டன் டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அளவு பார்க்கும் மனநிலையில் அவர் இருக்கமாட்டார்.

1992-ல் சந்தோஷ் டிராபி கோயம்புத்தூருக்கு வந்தது. கேரளம் இறுதி ஆட்டத்துக்குப் போனது. எதிரே கோவா. முதல் நாள் சாயங்காலம் சேட்டன் என்னிடம், “எடா, நாளைக்குக் கடை இல்லை. நீ வருந்நோ?” என்று கேட்டார். வீட்டில் சொல்லக்கூட நேரமில்லை.

விடியற்காலை சேலத்தில் சேரன் பஸ் ஏறினோம். சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி. அன்று அந்தச் சாலைக்கு 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். அது அப்படியே பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சிக்குப் போகும். எங்களுக்கு எதிர்த்திசையில், வாளையாறு தாண்டி, லாரியிலும் ஜீப்பிலும் ரயிலிலும் மலையாளிகள் வந்துகொண்டிருப்பார்கள் என்பதைச் சேட்டன் வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். காந்திபுரத்தில் இறங்கி வ.உ.சி. பூங்காப் பக்கம் நடந்தபோது அந்தக் கணக்கு சரி என்று தெரிந்தது. தெரு முழுக்க வேட்டி. தெரு முழுக்க மலையாளம். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு பெரிய திருவிழாவே நின்றது.

கவுண்டர் மூடியிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் ஓர் அட்டையில் ‘டிக்கெட் தீர்ந்தது’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சேட்டன் அதைப் படிக்கச் சொல்லி என்னை இரண்டு முறை கேட்டார். தமிழ் அவருக்கு நன்றாகவே படிக்க வரும்.

வெளியே டிக்கெட் இருந்தது. மடித்த கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் விலை சொல்லிக்கொண்டே போகிறவர்கள் நாலைந்து பேர் சுற்றினார்கள். மூன்று மடங்கு, நான்கு மடங்கு. எங்கள் இரண்டு பேர் கைக்காசையும் சேர்த்தால் ஒரு டிக்கெட்டுக்குப் போதும். திரும்பிப் போகப் பஸ்ஸுக்கு இருக்காது. சேட்டன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் பாலக்காட்டுக் கூட்டம் ஒன்று வந்தது. எட்டுப் பேர் இருப்பார்கள். அதில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சேட்டனின் முகத்தைப் பார்த்து நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. கூட வரவேண்டியவர் ஒருவர் வரவில்லை, ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. கைக்குட்டைக்காரர்களில் ஒருவர் அதைக் கேட்டு ஓடிவந்து, மூன்று மடங்கு தருகிறேன் என்றார். மீசைக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டிக்கெட்டை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த விலையை விரலால் தொட்டுக் காட்டினார். “இது மதி.” இது போதும் என்றார். சேட்டன் கொடுத்த பணத்துக்குச் சில்லறை எண்ணிப் பாக்கியும் தந்தார்.

சேட்டன் அந்த டிக்கெட்டை என் சட்டைப் பையில் வைத்தார்.

நான் மறுத்தேன். பத்தொன்பது வருஷமாக அவர் காத்திருந்த ஆட்டம் அது. எனக்கு அப்போது வயதே பத்தொன்பது. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “எழுபத்து மூணு நான் கண்டு. தொண்ணூத்து ரெண்டு நீ காணு. யாரெங்கிலும் ஒராள் கண்டால் மதி.”

உள்ளே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? கேலரியின் படியில் பாலக்காட்டுக்காரர்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. பாதி நேரம் எல்லோரும் நின்றார்கள், நான் அவர்கள் தோள் இடுக்கில் பார்த்தேன். புல்தரை இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பந்தை உதைக்கிற ஓசை கண்ணுக்குத் தெரிந்ததற்கு ஒரு கணம் கழித்து வரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கேரளம் 3-0 என்று வென்றது. கேப்டன் வி.பி. சத்யன் தடுப்பாட்டக்காரர். அவர் அங்கே நின்ற நிற்பை ஒரு மதில் என்று சொல்லத் தோன்றுகிறது. கடைசி விசில் ஊதியபோது என்னைச் சுற்றியிருந்த எட்டுப் பேரும் அழுதார்கள். மீசைக்காரர் என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

வெளியே வந்தபோது சேட்டன் அதே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே மூன்று விரலைக் காட்டினார். சத்தத்தை வைத்தே எண்ணியிருந்தார். பஸ்ஸில் ஏறியதும், “முதல்லேர்ந்து பற” என்றார். முதல் நிமிஷத்திலிருந்து சொன்னேன். எனக்குத் தெரியாத இடங்களில் நிறுத்தி, அப்போது சத்யன் எங்கே நின்றார், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டார். சங்ககிரி மலைக்கோட்டை இருட்டில் கடந்து போகும்வரை ஆட்டம் முடியவில்லை.

இந்தியாவுக்கும் தலைமை தாங்கிய சத்யன், பிறகு சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். 2006-ல் சென்னையிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சேட்டன் கடை இருந்த இடத்துக்குப் போனேன். அதற்குப் பல வருஷம் முன்பே அவர் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது.

அந்தக் காலத்தில் டிக்கெட் இப்படித்தான் கைக்குக் கை வந்தது. எங்கள் சித்தப்பா லாரி ஓட்டியவர். நாமக்கல் லாரி போகாத ஊர் இந்தியாவில் இல்லை. அவர் கல்கத்தா வரை போவார். 1997 ஜூலையில் திரும்பு லோடுக்காக நாலு நாள் அங்கே காத்துக் கிடந்தார். புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா ஈஸ்ட் பெங்கால் வெறியர். அவருடைய தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று, அந்த டிக்கெட்டைக் கொடுத்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். அன்று வந்த கூட்டம் 1,31,781 பேர் என்று பதிவாகியிருக்கிறது. இந்திய விளையாட்டு மைதானங்கள் கண்ட மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. கால்பந்தில் ஓர் எழுத்தும் தெரியாத சித்தப்பா ஊருக்கு வந்து சொன்னார்: “கண்ணு, அந்தச் சத்தத்துல நம்ம வண்டி ஏர்ஹாரனை அமுக்கிப் புடிச்சாலும் யாருக்கும் கேக்காதுங்கறேன்.” சாகும்வரை பூட்டியா பெயரை அவர் மறக்கவில்லை.

அந்த நாள்களெல்லாம் பொன்னாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், இதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில், கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள். எண் போட்ட இருக்கை இல்லாமல், இவ்வளவு பேர்தான் என்ற கட்டுப்பாடு இல்லாமல் ஆள்களைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கோயம்புத்தூரில் நான் இருந்த பக்கத்தில் ஒரு பெண்ணைக்கூடப் பார்த்த நினைவில்லை. என் மகளை அந்தக் கேலரிக்கு நான் கூட்டிப்போயிருக்க மாட்டேன். இன்று அவள் தன் இருக்கை எண்ணைத் தெரிந்துகொண்டு, தோழிகளோடு போய், பத்திரமாக உட்கார்ந்து பார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம். இதை யாரும் பின்னுக்கு இழுக்கக் கூடாது.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அக்காள் மகன் தோஹாவில் வேலை பார்க்கிறான். 2022-ல் உலகக் கோப்பை கத்தாருக்கு வந்தபோது அவன் பெரிய கடை ஒன்றின் கிடங்கில் இருந்தான். அந்த மாதங்களில் நாமக்கல்லிலிருந்து கத்தாருக்கு முட்டை ஏற்றுமதி கூடியது, பத்திரிகைகளிலும் வந்தது. பெட்டிகளை இறக்கும்போது நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்தால் போட்டோ எடுத்து அனுப்புவான். அந்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு என்று முதல் சுற்று ஆட்டங்களில் 40 ரியால் டிக்கெட் வைத்திருந்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 900 ரூபாய். உலகக் கோப்பைக்கு அது மலிவு. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் அதை வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும், ஈமெயில் வேண்டும், நல்ல நெட் வேண்டும், விற்பனை திறக்கிற நேரத்தில் கையில் வேலை இல்லாமல் இருக்க வேண்டும். கிடங்கில் வேலை செய்கிறவனுக்குக் கடைசியாகச் சொன்னது வாய்ப்பதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து போனைத் திறப்பான். திரையில் ஒரு பொம்மை மனிதன் வரிசையில் நடந்துகொண்டிருப்பான். “இன்னும் போய்ட்டே இருக்கான் மாமா” என்பான் என்னிடம். அர்ஜென்டினா ஆட்டத்துக்கு அவன் முயற்சி செய்யாத இரவில்லை. கிடைக்கவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. நவம்பர் 25, வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். வேல்ஸ் - ஈரான், அகமது பின் அலி ஸ்டேடியம். அவனுக்கு இரண்டு நாட்டையும் தெரியாது. தொண்ணூறு நிமிஷம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் எட்டாவது நிமிஷத்தில் ஒன்று, பதினோராவது நிமிஷத்தில் இன்னொன்று, ஈரான் 2-0. எனக்கு வீடியோ கால் போட்டான். படம் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஈரானியப் பெரியவர் ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். 1992-ல் என் தலையைப் பிடித்து ஆட்டிய கை எனக்கு அந்தத் திரையில் தெரிந்தது. மற்ற ஆட்டங்களைத் தொழிலாளர்களுக்காக ஆசியன் டவுன் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் வைத்திருந்த பெரிய திரையில், தரையில் உட்கார்ந்து பார்த்தான். டிசம்பர் 18 அன்று மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியதையும் அங்கேதான் பார்த்தான். அந்த ஸ்டேடியங்களைக் கட்டியவர்களில் பலர் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டான். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த நடக்கும் பொம்மைக்கு முகம் இல்லை. மரத்தடியில் இடிந்து உட்கார்ந்திருக்கிறவனை அது நின்று பார்க்காது.

2026 உலகக் கோப்பைக்கு நிலைமை இன்னும் தூரம் போயிற்று. 2025 செப்டம்பரில் அறிவித்தபோது டிக்கெட் 60 டாலரிலிருந்து 6,730 டாலர் வரை என்றார்கள். மேல் விலை நம் பணத்தில் ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். அதுவும் நிலையான விலை இல்லை. கேட்கிற கூட்டத்தைப் பார்த்து ஏறும், இறங்கும் என்றார்கள். வாங்கியவர் போக முடியாமல் மறுபடி விற்றால், அமைப்பாளர்களின் மறுவிற்பனைத் தளத்தில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். கைக்குட்டைக்காரர் செய்த அதே வேலைதான் இது. அவரை அன்று போலீஸ் துரத்தியது. இன்று அந்த வேலை சட்டப்படி நடக்கிறது. அச்சிட்ட விலை என்று விரல் வைத்துக் காட்ட, டிக்கெட்டில் ஒரு விலையே இல்லாமல் போயிற்று.

நம் நாட்டில் கால்பந்துக்கு இப்படி ஒரு நாள் வந்தால் சந்தோஷம்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா 5-0 என்று சீன தைபேயை வென்றபோது, சுனில் சேத்ரி மூன்று கோல் போட்ட அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி வீடியோவில் வந்து, எங்களைத் திட்டுவதற்காவது வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். ஜூன் 4 அன்று கென்யாவோடு நடந்த ஆட்டம், அவருடைய நூறாவது ஆட்டம், டிக்கெட் தீர்ந்து நிரம்பியது. ‘டிக்கெட் தீர்ந்தது’ அட்டை தொங்குவது ஆட்டக்காரனுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அந்த மூன்று நாளில் நாடே பார்த்தது. அடுத்த வருஷம், 2019 மார்ச் 9, அதே கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியைச் சென்னை சிட்டி எஃப்.சி. 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் வாங்கியது. 43 புள்ளி, இரண்டாம் இடத்து ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மூன்றாவது நிமிஷத்திலேயே எதிரணி கோல் போட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு போட்டார். மகளுக்குப் பரீட்சை என்று நான் போகவில்லை. சேலத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் போயிருக்கலாம். அன்று போகாதது இன்றும் உறுத்துகிறது.

எனவே டிக்கெட் தீரட்டும். போனில் விற்கட்டும், என் மகளும் அக்காள் மகனும் அப்படித்தான் வாங்குவார்கள். கிரிக்கெட்டில் பார்த்தோமே: 2023-ல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு இரவெல்லாம் வரிசையில் பாய் விரித்துப் படுத்தார்கள். 2024-ல் விற்பனை முழுக்க ஆன்லைனுக்குப் போயிற்று. வரிசையில் படுப்பது கஷ்டம்தான். ஆனால் சேலத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றவனிடம் அவனுடைய பொறுமை என்ற ஒரு செல்வமாவது இருந்தது. அதற்கு அங்கே மதிப்பும் இருந்தது. இன்று அது செல்லாக் காசு.

ஐ.எம். விஜயன் என்றால் ‘திமிரு’ படத்தில் பார்த்த முகம் நமக்கு நினைவுக்கு வரும். அவர் சிறுவயதில் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர். சோடா பாட்டிலோடு உள்ளே போன பையன் ஆட்டத்தைப் பார்த்தான், பிறகு இந்தியாவுக்கே ஆடினான், 2025-ல் பத்மஸ்ரீ வாங்கினான். வங்கி அட்டையும் ஈமெயிலும் இல்லாத ஒரு பையன் இன்று எந்த வாசல் வழியாக உள்ளே போவான்?

ஆட்டம் நடத்துகிற பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நூறு டிக்கெட்டில் பத்தையாவது ஆட்டம் நடக்கிற மைதானத்துக் கவுண்டரில், ஆளுக்கு ஒன்று என்று, நேரில் வந்தவருக்குக் கொடுங்கள். விலையை அதில் அச்சிட்டுக் கொடுங்கள். இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று. என்றைக்காவது உங்களிடம் ஒரு டிக்கெட் மிஞ்சினால், வாசலில் ஒரு நிமிஷம் நின்று, யாராவது மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள்.